இரண்டு மணிக் கட்டம்

கடற்காற்று முதியோர் இல்லத்தில் மாதத்துக்கு ஒரே ஒரு நாள் பதினான்கு ஆயாக்கள் இருப்பார்கள். மற்ற நாட்களில் இரண்டே பேர்தான். அந்த ஒரு நாள் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பெற்றவர்களைப் பார்க்கப் பிள்ளைகள் வரும் நாள். அன்று காலை சதுரங்கப்பட்டினத்து மீனவர் குப்பத்திலிருந்து ஒரு வேன் வரும். அதிலிருந்து பன்னிரண்டு பெண்கள் இறங்குவார்கள். வாசலிலேயே ஆளுக்கொரு நீலச் சேலை கொடுப்பார்கள். சாயங்காலம் சேலையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே வேனில் ஏறிப் போய்விட வேண்டும். நடுவில் அவர்கள் பார்க்க வேண்டிய உத்தியோகம், கட்டிலுக்குக் கட்டில் சிரித்த முகமாக நிற்பது. வாடகைக்குப் பாத்திரம் எடுப்பார்கள், பந்தல் எடுப்பார்கள். ஆயாவை வாடகைக்கு எடுத்த பெருமை இந்த இல்லத்துக்குத்தான் உண்டு.

ஷஹர்பானு வாடகை ஆயா அல்ல. புதுப்பட்டினத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிறவள். இந்த 2006-ஆம் வருஷத்தோடு ஆறு வருஷ சர்வீஸ். புருஷன் போன பிறகு அவளும், பத்தாவது படிக்கும் மகள் ஹனியாவும் நம்பியிருப்பது இந்த ஒரு வேலையைத்தான். அதனால் வாயை அடக்கிக்கொண்டு எத்தனையோ இரண்டாவது ஞாயிறுகளைப் பார்த்துவிட்டாள். ஆனால் அந்த நீலச் சேலைகளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டிக்கொண்டு வரும் பெண்கள் மேல் கோபமில்லை. அவர்கள் வயிற்றுப் பாட்டுக்கு வருகிறார்கள். கட்டிவிடும் ஆள்மேல்தான் கோபம்.

அவள் வேலை பார்ப்பது படுக்கை வார்டில். தானாக அசைய முடியாத பதினோரு பேர் அங்கே. அவர்களை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் தோல் வெந்து புண்ணாகிவிடும். புரட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி தோளைப் பிடிக்க, இன்னொருத்தி இடுப்பைப் பிடித்து ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். தனியாளாக இழுத்தால் துணியில் உரசித் தோல் கழன்று வந்துவிடும். பொங்கல் வரைக்கும் ஐந்து ஆயாக்கள் இருந்தார்கள். மூன்று பேர் நின்றுவிட்டார்கள், புதிதாக யாரையும் போடவில்லை. மீதியிருந்த கோதையையும் பாதி நாள் சமையலறைக்கு இழுத்துக்கொண்டார்கள். ஒரு மனுஷியால் எத்தனை பேரைப் புரட்ட முடியும் என்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மேனேஜர் பன்னீர்செல்வத்துக்கு மட்டும் தெரியவில்லை.

ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு சார்ட் தொங்கும். ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று இரண்டு மணிக்கு ஒரு கட்டம். புரட்டினால் அதில் டிக் போட வேண்டும். ஷஹர்பானு புரட்டிய கட்டத்தில் டிக் போட்டாள். புரட்ட ஆளில்லாமல் விட்ட கட்டத்தில் ஒரு வட்டம் போட்டாள். ஒரு மாதத்தில் சார்ட் முழுக்க வட்டமாகிவிட்டது.

"இன்னாம்மா இது, கோலம் போட்டு வெச்சிகீற?" என்றார் பன்னீர்செல்வம்.

"பொரட்டாததுக்கு வட்டம் சார்."

"வட்டமெல்லாம் வேணாம். எல்லாத்துலயும் டிக்கு போடு."

"ஆளு குடுங்க சார். பொரட்டிட்டு போடுறேன். செய்யாதத செஞ்சேன்னு என் கையால எழுத மாட்டேன்."

அவர் அவளை முறைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அவள் கையில் பேனாவே தருவதில்லை. சார்ட்டுகள் ஆபீஸ் ரூமுக்குப் போயின. அவரே காலையில் உட்கார்ந்து அன்றைக்குள்ள கட்டங்களை எல்லாம் ஒரே மூச்சில் நிரப்பி அனுப்பினார். எல்லாம் டிக். அடியில் 'பொறுப்பு: ஷஹர்பானு' என்று அழகான எழுத்து வேறு.

மூன்றாம் கட்டில் ருக்மிணி அம்மாளுக்கு முதுகின் அடியில் புண் வந்தது அப்படித்தான். முதலில் ஒரு ரூபாய்க் காசு அகலம். ஆடி முடிவதற்குள் உள்ளங்கை அகலமாகிவிட்டது. ஷஹர்பானு தினமும் கழுவி மருந்து வைத்தாள். வைத்து என்ன பயன்? அந்தப் புண்ணின் மேலேயே ஆளைக் கிடத்தி வைத்திருந்தால் மருந்து எங்கே பிடிக்கும்? வாரம் ஒருமுறை வரும் டாக்டர், "இனி எலும்பைத் தொட்டா கஷ்டம். புரட்டிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போனார்.

ருக்மிணி அம்மாள் செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். பக்கவாதம் இடது பக்கத்தைத்தான் கொண்டுபோனது. வலது கை, வாய், மூளை மூன்றும் படு சுறுசுறுப்பு. ஒரே மகன் கிரிதர். மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்ஷன் அதிகாரி. நல்ல மனிதர்தான். ஆனால் வந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்க்குமுன் சார்ட்டைத்தான் பார்ப்பார். "எங்க லைன்லகூட இவ்வளவு நீட்டா மெயின்டெயின் பண்றதில்ல சார்" என்று பன்னீர்செல்வத்தின் கையைக் குலுக்குவார்.

ஆனி மாதமே ருக்மிணி அம்மாள் சொல்லிப் பார்த்தார். "என்னை யாரும் புரட்டறதில்லடா."

"அம்மா, எல்லாம் டிக் ஆயிருக்கே. நீ தூங்கிண்டு இருந்திருப்பே."

அதற்குப் பிறகு அவர் மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஷஹர்பானு ஒருநாள் கிரிதரைத் தாழ்வாரத்தில் நிறுத்திச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கும் அதே பதில். ஒரு காகிதத்தை நம்புகிற மனிதர் பெற்ற தாயை நம்பவில்லையே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

ஆவணியில் இரண்டாவது ஞாயிறு நெருங்கியது. வெள்ளிக்கிழமை பன்னீர்செல்வம் அவளை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கெழம அந்த மூணாம் பெட்ட மல்லாக்கப் படுக்க வெச்சி, கழுத்துவரிக்கும் போத்தி வுட்டுடு. புள்ள போறவரிக்கும் அசைக்காத. வார்டுல சாம்பிராணி போட்டுடு, நாத்தம் தெரியாது."

"பத்து மணிலேருந்து அஞ்சு மணி வரிக்கும் அந்தப் புண்ணு மேலயே கெடக்கணுமா சார்?"

"ஒரு நாளுதான. இன்னா ஆயிடும்? நல்லா கேட்டுக்க. வெளிய தெரிஞ்சுதுன்னா சார்ட்டுல உன் பேருதான் கீது, என் பேரு இல்ல. கவனிக்காம வுட்டது நீன்னு ஆயிடும். அப்பறம் இந்த ஜில்லாவுல எந்த ஹோம்லயும் உனக்கு வேல கெடைக்காது."

ஷஹர்பானு வெளியே வந்தாள். பயம் பாதி, ஆத்திரம் பாதி. வாயைத் திறந்தால் வேலை போகும், ஹனியாவின் படிப்பு போகும். திறக்காவிட்டால் அந்தப் புண் எலும்பைத் தொடும், பழியும் அவள் தலையிலேயே விழும். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கக்கூட மறந்து கண்டக்டரிடம் ஏச்சு வாங்கினாள்.

சனிக்கிழமை புண்ணைக் கழுவும்போது ருக்மிணி அம்மாளிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மாமி, நாளைக்கு ரெண்டு மணிக்கு, உங்க புள்ள இருக்கும்போதே, நான் உங்களப் பொரட்டட்டுமா? அவரு பாத்துடுவாரு. உங்களுக்கு வெக்கமா இருந்துதுன்னா வேணாம்."

ருக்மிணி அம்மாள் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"எனக்கென்னடி வெக்கம். புண் வந்தவளா வெக்கப்படணும்? வரவிட்டவா படட்டும். ஆனா உன் வேலை?"

"ரெண்டு மணிக்கு பொரட்டச் சொல்லி அவங்கதான் சார்ட்டு மாட்டிகீறாங்க மாமி. அவங்க சொன்ன வேலையத்தான் செய்யப் போறேன்."

ருக்மிணி அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் புண் வலித்தது. வலித்தும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வார்டு கல்யாண மண்டபமாக இருந்தது. புதுப் படுக்கை விரிப்பு, சாம்பிராணிப் புகை, கட்டிலுக்கொரு நீலச் சேலை. மூன்றாம் கட்டிலுக்கு வாய்த்தவள் ஜெகதாம்பாள். நாலு வருஷமாக இந்த வேனில் வருகிறவள். மற்ற நாட்களில் கருவாடு காயப் போடுகிறவள். கிரிதர் பதினோரு மணிக்கு வந்தார். வழக்கம்போல் தூரத்திலிருந்தே சார்ட்டில் டிக்குகள் வரிசையாக இருப்பதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ஆப்பிளை நறுக்கி அம்மாவுக்கு ஊட்டினார். மற்ற கட்டில்களைச் சுற்றிலும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பிஸ்கட் பொட்டலங்கள். பன்னீர்செல்வம் வெள்ளைச் சட்டையில் எல்லாரையும் விசாரித்தபடி வளைய வந்தார்.

சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டது. ஷஹர்பானு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்றாம் கட்டிலுக்கு வந்தாள்.

"ரெண்டு மணி ஆயிடுச்சி," என்றாள், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி. "மாமியப் பொரட்டணும். ஜெகதாம்பா, இடுப்பப் புடி."

ஜெகதாம்பாள் திருதிருவென்று விழித்தாள். "எப்டிக்கா புடிக்கணும்? எனக்குத் தெரியாதே. நிக்கதான சொன்னாங்க."

பன்னீர்செல்வம் வேகமாக வந்தார். "பானும்மா, அப்பறம் பாத்துக்கலாம். விசிட்டர்ஸ் இருக்காங்க."

"சார்ட்டுல ரெண்டு மணின்னு போட்டுகீது சார்." அவள் கிரிதர் பக்கம் திரும்பினாள். "நீங்க வாங்க சார். ரெண்டு ஆளு வேணும். இடுப்புக்கு அடியில கைய வுடுங்க. நான் சொல்றப்போ தூக்குங்க."

கிரிதர் அம்மாவைப் பார்த்தார். "கையை விடுடா," என்றார் ருக்மிணி அம்மாள்.

தூக்கினார்கள். புரட்டினார்கள். போர்வை விலகியது. சாம்பிராணியை மீறிக்கொண்டு அந்த நாற்றம் எழுந்தது. கிரிதரின் வலது கை ஈரமாகியிருந்தது. அவர் கையைப் பார்த்தார், பிறகு அம்மாவின் முதுகைப் பார்த்தார். தலையணையை முட்டுக் கொடுத்து அம்மாவைச் சரியாகப் படுக்க வைக்கும் வரை ஷஹர்பானு அவரை விடவில்லை.

பிறகு அவர் கால்மாட்டுக்குப் போனார். பழக்கதோஷம், சார்ட்டைத்தான் எடுத்தார். இந்த முறை ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். படித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், இப்ப மணி ரெண்டு அஞ்சு. இதுல நாலு மணிக் கட்டத்துல டிக் இருக்கு. ஆறு, எட்டு, பத்து, எல்லாத்துலயும் டிக் இருக்கு. இன்னும் வராத மணிக்கு எப்படி சார் டிக் வந்தது?"

பன்னீர்செல்வம் வழக்கமாக ஞாயிறு சார்ட்டில் மட்டும் பத்து மணியோடு நிறுத்தி வைப்பார். அன்றைக்கு வேன் வந்த அவசரத்தில் மற்ற நாள் மாதிரியே கடைசி வரைக்கும் போட்டுவிட்டார். "அது... கிளரிக்கல் மிஸ்டேக்..." என்று இழுத்தார். அதற்குள் மற்ற கட்டில்களில் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து சார்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். சிலர் சார்ட்டை விட்டுவிட்டுப் போர்வையை விலக்கினார்கள்.

"நான் தினம் இதைத்தான் பிடிக்கிறேன்," என்றார் கிரிதர், யாரிடம் என்றில்லாமல். "செய்யாமலே டிக் போட்ட ஷீட்டை ஃபேக்டரியில தினம் பிடிக்கிறேன். இங்க வந்து கை குலுக்கிட்டுப் போயிருக்கேன்." அவர் கண் கலங்கியது. ஷஹர்பானுவுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஆனாலும் அதைக் காட்டிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை, கொஞ்சம் கலங்கட்டும் என்றுதான் இருந்தது.

பன்னீர்செல்வம் ஒரு முடிவுக்கு வந்தவராக விரலை நீட்டினார். "சார், டியூட்டி இந்தம்மாதான். பேர் போட்டிருக்கு பாருங்க. இவங்க நெக்லிஜென்ஸ். இப்பவே வேலைய விட்டு நீக்குறேன். ஏம்மா, பைய எடுத்துகினு கெளம்பு."

ஷஹர்பானு அவரை நேராகப் பார்த்தாள்.

"நாலு மணிக்குத் திரும்பப் பொரட்டணும் சார். அது முடிச்சிட்டுப் போறேன்."

"நான் இப்பவே போன்னு சொல்றேன்."

"நீங்க சொல்லுங்க. நான் நாலு மணிக்குப் போறேன். இந்தக் கட்டம் எம் பேருல கீது, அத நான் முடிச்சிட்டுதான் போவேன்."

நாலு மணி வரைக்கும் அவள் சும்மா இருக்கவில்லை. ஜெகதாம்பாளையும் இன்னும் நாலு நீலச் சேலைகளையும் கூட்டிக்கொண்டு மற்ற பத்துக் கட்டில்களுக்கும் போனாள். தோள் எங்கே, இடுப்பு எங்கே, மூச்சை எப்போது பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். "நாலு வருசமா வந்துகினு கீறேன்க்கா," என்றாள் ஜெகதாம்பாள். "போன மாசம் ஒரு பெரியவரு தண்ணி கேட்டாரு. குடுக்கலாமா கூடாதான்னுகூடத் தெரியாம சிரிச்சிகினு நின்னேன். வெக்கமா பூடுச்சி." வாடகைக்கு வந்தவர்கள் அன்று முதன்முறையாக வேலை செய்தார்கள்.

நாலு மணிக்குக் கிரிதரே எழுந்து எதிர்ப்பக்கம் வந்து நின்றார். புரட்டி முடித்ததும், பழைய சார்ட்டைக் கிழித்துவிட்டு வெள்ளைத் தாளில் புதிதாகக் கட்டம் போட்டு, டிக் போடப் பேனாவை எடுத்தார்.

"அதை இங்க குடு," என்றார் ருக்மிணி அம்மாள், வலது கையை நீட்டி.

"அம்மா, நீ ஏம்மா..."

"யார் முதுகுடா இது? இனிமே என் சார்ட்டை நான்தான் எழுதுவேன். புரட்டினா டிக். புரட்டலேன்னா வட்டம். பானு போட்ட வட்டத்தை யாரும் படிக்கலே. நான் போடறதைப் படிங்கோ." நாலு மணிக் கட்டத்தில் கொஞ்சம் கோணலாக ஒரு டிக் போட்டார். பக்கத்துக் கட்டில் பெரியவர் தனக்கும் ஒரு பேனா வேண்டும் என்றார்.

கிரிதர் அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். "உன் ஆத்துல பகல்ல யாருடா இருக்கா? நான் வரலே. காசு வாங்கினவா ஆளைப் போடட்டும்," என்று அவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். மகன் போகும்போது தன் செல்போனை அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். ஷஹர்பானுவும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில்தான் தன் தைரியத்தை நினைத்து அவளுக்குப் பயம் வந்தது. வீட்டில் ஹனியாவிடம் சொன்னபோது, "சரியாத்தாம்மா செஞ்ச," என்றாள் மகள். அதைக் கேட்ட பிறகுதான் அவளால் சாப்பிட முடிந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் மறுபடி வந்து நின்றாள். வேலை போனவள் எதற்கு வந்தாள் என்றால், எழுத்தில் எதுவும் தராமல் போகச் சொன்னால் போகிற ஆள் அவள் இல்லை. வழியில் சதுரங்கப்பட்டினத்தில் ஜெகதாம்பாளையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். கேட் பூட்டியிருந்தது.

"உன்ன உள்ள வுடக்கூடாதுன்னு ஆர்டரும்மா," என்றார் வாட்ச்மேன் ஞானதாஸ், தலையைச் சொறிந்தபடி.

"வுடாதீங்க அண்ணாத்த. நாங்க இங்கயே நிக்குறோம். ரோடு கவுருமெண்டு ரோடுதான."

எட்டு மணி ஆனது. உள்ளே ஆபீஸ் ரூமில் போன் அடித்தது. எடுத்தார்கள், வைத்தார்கள். உடனே மறுபடி அடித்தது. எட்டரைக்குள் ஏழெட்டு முறை அடித்துவிட்டது. பிறகு எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள், அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது மணிவாக்கில் கோதை சமையலறைப் பக்கமாக ஓடிவந்து கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் மூச்சு வாங்கினாள்.

"அக்கா, மாமி செல்லு வெச்சிகினு எக்ஸ்சேஞ்சு நடத்துது. வார்டுல ஒவ்வொருத்தரும் அவங்க புள்ள நம்பரச் சொல்றாங்க. மாமி ஒவ்வொண்ணா போட்டு, 'மூணாம் பெட்டு ருக்மிணி பேசறேன். உங்கப்பாவுக்கு ஆறு மணி வட்டம், எட்டு மணி வட்டம், லைன்ல இருங்கோ, அவரே பேசுவார்'னு குடுக்குது. அந்தப் புள்ளைங்க எல்லாம் சாருக்குப் போன் மேல போன். மெட்ராஸு டிரஸ்டு ஆபீஸுக்கே மூணு பேர் பேசிட்டாங்களாம்."

ஜெகதாம்பாள் வாய்விட்டுச் சிரித்தாள். ஷஹர்பானுவுக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்துவிட்டது. அன்று அவள் ஒருத்தியாகப் போட்ட வட்டத்தை இன்று பதினோரு பேர் போடுகிறார்கள்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பன்னீர்செல்வமே நடந்து வந்தார். சட்டை முதுகெல்லாம் வியர்வை.

"கேட்ட தொற ஞானதாஸு. பானும்மா, உள்ள வா. நடந்தது நடந்துபோச்சு."

ஷஹர்பானு அசையவில்லை. "தனியா வர மாட்டேன் சார். பொரட்டுறதுக்கு ரெண்டு ஆளு வேணும்."

"கோதைய முழு நேரமும் வார்டுக்கே போட்டுடறேன்."

"கோதையும் வேணும். இவளும் வேணும். நேத்து ஒரே மத்தியானத்துல வேலையக் கத்துகினா. இன்னும் ரெண்டு பேரு கேட்டுகினு கீறாங்க. அஞ்சு பேரு இருந்த எடத்துக்கு அஞ்சு பேரு. அப்பறம் சார்ட்டு ஆபீஸ் ரூமுக்கு வராது, கட்டில்லதான் இருக்கும்."

"அதெல்லாம் டிரஸ்ட்டக் கேட்டுத்தாம்மா..."

உள்ளே போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டுச் சொல்லுங்க சார். நாங்க நிக்குறோம். பத்தாவுறதுக்கு இன்னும் அஞ்சு நிமிசம் கீது," என்றாள் ஷஹர்பானு.

பன்னீர்செல்வம் போனைப் போய் எடுக்கவில்லை. ஜெகதாம்பாளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு பேரும் வாங்க. மத்த ரெண்டு பேர நாளைக்கு வரச் சொல்லு," என்று முனகிவிட்டு வழியை விட்டு ஒதுங்கி நின்றார். "சேலை ஸ்டோர்ல இருக்கு."

"சேல அப்பறம் கட்டிக்கறோம்," என்றாள் ஜெகதாம்பாள், அவரைத் தாண்டி நடந்தபடி.

வார்டில் ருக்மிணி அம்மாள் நெஞ்சின் மேல் செல்போனும் கையில் பேனாவுமாகக் கிடந்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது. ஆறு, எட்டு இரண்டு கட்டத்திலும் பெரிய பெரிய வட்டங்கள்.

"மணி என்னடி?"

"பத்து மாமி."

"அப்போ பேசிண்டு நிக்காதே. தோளைப் பிடி."

ஷஹர்பானு தோளைப் பிடித்தாள். ஜெகதாம்பாள் கேட்காமலே இடுப்புக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.